வன்மம் இல்லாத தீங்கு

பாலாற்றங்கரை டேனரிகளைப் பற்றி நான் படித்த கதைகள், கவிதைகள்மேல் எனக்குள்ள குறை ஒன்றுதான். அவற்றில் முதலாளி வன்மம் பிடித்தவனாகவே வருகிறான். அப்படி எழுதுவது விஷயத்தைப் பார்க்காமல் தப்பித்துக்கொள்வது என்று எனக்குப்படுகிறது.

வன்மத்துக்குப் பழக்கம் வேண்டும். பங்காளி, பக்கத்துக் கழனிக்காரன், கூடப் படித்தவன் - இவர்களுக்குள்தான் அது வளரும். 'மனசுல வச்சிக்கினு செஞ்சிட்டான்' என்பார்கள் ஆம்பூர்ப் பக்கத்தில். அதையொட்டி இன்னும் இரண்டு சொற்கள் உண்டு: 'வேணும்னே', 'தெரிஞ்சே'. பேச்சில் மூன்றும் கலந்துவிடுகின்றன. 'வேணும்னே செஞ்சியா?' என்று கேட்பவன், 'என்மேல் உனக்கு என்ன கோபம்?' என்றும் சேர்த்தே கேட்கிறான்.

சட்டம் இவற்றைப் பிரித்தது. 1825இல் இங்கிலாந்தில், ஒரு வங்கியைப் பற்றிய அவதூறு வழக்கில், நீதிபதி பெய்லி இரண்டு அர்த்தங்களை வகுத்தார். சாதாரண வழக்கில் வன்மம் என்பது பகையுணர்வு. சட்டத்தில், தகுந்த நியாயமின்றி வேண்டுமென்றே செய்த தவறான காரியம். வெறுப்பு வெளியே போய்விட்டது. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம், 39ஆம் பிரிவில் இன்னும் ஓரடி போயிற்று. இன்ன விளைவு வரக்கூடும் என்று தெரிந்து செய்தாலே, அதைத் தானாக விரும்பி விளைவித்ததற்குச் சமம். அங்கே ஓர் உதாரணம்: கொள்ளையடிக்கத் தோதாக ஒருவன் இரவில் வீட்டுக்குத் தீ வைக்கிறான், உயிர் போகிறது. அதற்காக அவன் வருத்தப்படவும் கூடும் என்று ஒத்துக்கொள்கிறது சட்டம். ஆனாலும் பொறுப்பு அவனுடையதே. 2024இல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்த உதாரணம் இருக்கிறது. அந்த ஒரு வரியில் உள்ள மனித சுபாவ ஞானம் நம் டேனரிக் கதைகளில் இல்லை.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழ்பட்டிருந்ததாக அதில் பதிவாகியிருக்கிறது. சுத்திகரிப்புக்கு வழி செய்யும்படி பத்து வருஷமாக வற்புறுத்தியும் பலர் அசையவில்லை. ஆக, எல்லாம் தெரிஞ்சே. தீர்ப்போ மனசைப் பற்றிக் கேட்கவேயில்லை: ஆபத்தான தொழில் செய்பவன் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் நஷ்டத்துக்குப் பொறுப்பு. டேனரிக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். இழப்பீட்டுக்கு இந்த வழி சரி. இலக்கியத்துக்குப் போதாது. மனசைப் பற்றிக் கேட்பதுதான் அதன் வேலை.

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில், தோல் கழிவைச் சுத்திகரிக்கிற நிலையத்தின் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தார். வன்மம் வைக்க ஒருவனை அறிந்திருக்க வேண்டும். அவர்களை இங்கே யார் அறிந்திருந்தார்கள்?

எனக்கு வேண்டிய பாத்திரம், தொழிலாளி வீட்டுக் கல்யாணத்தில் மனசார மொய் எழுதிவிட்டு, அன்று ராத்திரியே கழிவைத் திறந்துவிடச் சொல்கிறவன். இரண்டிலும் அவன் நடிக்கவில்லை. அவனை வன்மக்காரனாக்கிவிட்டால் வாசகன் நிம்மதியாகிவிடுகிறான். தன்னிடம் வன்மம் இல்லை என்று அவனுக்கு நிச்சயம். 'தெரிஞ்சே' என்ற சொல்லிலிருந்து தொடங்கினால் அந்த நிம்மதி கிடைக்காது. தோல் செருப்பு போட்டுக்கொண்டுதான் நாம் இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.