சாய்கோட்டின் இலக்கணம்

'கிர்க்/ஸ்பாக்' என்று எழுதினால் ஒரு பொருள், 'கிர்க் & ஸ்பாக்' என்று எழுதினால் வேறு பொருள். முதலாவதில் அவர்கள் காதலர்கள், இரண்டாவதில் நண்பர்கள். 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்த 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் விண்கலத் தலைவனும் அவனது துணையதிகாரியும்தான் இந்த இருவர். இருவர் பெயருக்கும் நடுவே விழுந்த அந்தச் சாய்கோட்டிலிருந்துதான், ஆண்களுக்கிடையே காதலைக் கற்பனை செய்யும் ரசிகர் புனைவுக்கு 'ஸ்லாஷ்' என்ற பெயரே வந்தது.

அந்தக் கோட்டுக்குத் தேவை எப்படி வந்தது? ரசிகர்கள் அப்போது தங்கள் கதைகளைத் தட்டச்சு செய்து, படியெடுத்து, சிற்றிதழ்களாக்கித் தபாலிலும் மாநாடுகளிலும் விற்றார்கள். ஸ்டார் ட்ரெக்கின் முதல் ரசிகர் இதழான 'ஸ்பாக்கனேலியா' வந்தது 1967இல். இதழைக் கண்ணால் பார்க்காமலே காசை அனுப்ப வேண்டியவர்களுக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் குறி வேண்டியிருந்தது. 1974இல் 'க்ரப்' இதழில் டயான் மார்ச்சன்ட் எழுதிய சிறு துண்டுதான் இந்த வகையில் அச்சேறிய முதல் கதை. அதில் பாத்திரங்களின் பெயர்கூட இல்லை, அவ்வளவு கூச்சம். ரசிகர் உலகின் இத்தகைய சொற்களைக் குழூஉக்குறி என்று ஒதுக்குவோர் கவனிக்க வேண்டியது இதைத்தான்: குழூஉக்குறி வெளியாரிடமிருந்து மறைக்கும். இவை வாசகரிடம் முன்கூட்டியே உடைத்துச் சொல்லிவிடுகின்றன.

ஜப்பானிய ரசிகர்கள் சாய்கோட்டுக்குப் பதில் பெருக்கல் குறி இடுகிறார்கள். அங்கே பெயர்களின் வரிசையும் பேசும். உறவில் முன்கை எடுப்பவர் பெயர் முதலில் வரும். வரிசையை மாற்றினால் வேறு கதை, வேறு வாசகர் கூட்டம். 'யாவோய்' என்ற அவர்களது வகைப்பெயரோ உச்சம் இல்லை, முடிவு இல்லை, அர்த்தம் இல்லை என்ற மூன்று தொடர்களின் முதலெழுத்துகளைக் கோத்த சுயகிண்டல். தங்கள் படைப்பைத் தாங்களே இப்படி எள்ளி நகையாடிய இலக்கிய இயக்கம் வேறொன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

கேலியில் பிறந்த இன்னொரு சொல்லுக்கு ஆயுள் அதிகம், வன்மமும் அதிகம். 1973இல் பவுலா ஸ்மித் 'மெனேஜரி' இதழில் ஒரு குறும்பகடி எழுதினார். பதினைந்தரை வயது லெப்டினன்ட் மேரி சூ, படையிலேயே இளையவள்; அழகி, அறிவாளி. விண்கலத்தில் அவளால் ஆகாதது எதுவுமில்லை. கடைசியில் எல்லோரும் கண்ணீர்விட உயிரையும் விடுகிறாள். புதிதாக எழுத வருபவர்கள் தங்களையே கதாநாயகியாக்கிக்கொள்ளும் ஆசையைத்தான் ஸ்மித் குத்திக்காட்டினார். குத்தல் மிகச் சரியானது. அதனாலேயே அது ஆயுதமாகிப்போனது. கதையில் திறமையுள்ள பெண் யார் வந்தாலும் 'மேரி சூ' என்ற முத்திரை விழுந்தது. முத்திரைக்கு அஞ்சிப் பெண் பாத்திரங்களையே தவிர்த்த எழுத்தாளர்களைப் பற்றி, இந்தச் சமூகத்தை ஆராய்ந்த கமீல் பேகன்-ஸ்மித் 1992இல் பதிவு செய்திருக்கிறார். எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஆணுக்கு 'கேரி ஸ்டூ' என்றொரு இணைச்சொல்லும் உண்டு. அது பெயருக்குத்தான், யாரையும் அப்படி நடுங்க வைத்ததில்லை.

ரசிகர் அகராதியில் 'கேனன்' என்பது மூலப்படைப்பில் உள்ளது மட்டும். திருச்சபை ஏற்ற வேதநூல்களைக் குறிக்கும் இச்சொல்லை ரசிகர் உலகுக்குள் கொண்டுவந்தவர்கள் ஷெர்லக் ஹோம்ஸ் பக்தர்கள். விவிலிய ஆய்வின் தோரணையில் ஹோம்ஸ் கதைகளை அலசி ரொனால்ட் நாக்ஸ் 1911இல் வாசித்த விளையாட்டுக் கட்டுரைதான் அதற்கு வித்து. மூலத்தில் இல்லாமல், ரசிகர்கள் திரும்பத் திரும்ப எழுதியே உண்மைபோல் ஆகிவிட்டது 'ஃபேனான்'. தொடரின் அடுத்த பகுதி வந்து ரசிகரின் ஊகத்தைப் பொய்யாக்கினால் அந்தக் கதை 'ஜாஸ்ட்' ஆகிவிடும். 'பஃபி' தொடரின் படைப்பாளர் ஜாஸ் வீடனுக்குக் கிடைத்த மரியாதை இது. தொண்ணூறுகளில் 'எக்ஸ்-ஃபைல்ஸ்' ரசிகர்கள் 'ரிலேஷன்ஷிப்'பின் வாலை நறுக்கி எடுத்த, இரு பாத்திரங்கள் காதலராக வேண்டும் என்ற விருப்பத்தைக் குறிக்கும் 'ஷிப்' இன்று செய்தித்தாள்வரை வந்துவிட்டது. சரியாக நூறு சொற்களில் எழுதும் 'டிராபிள்' பிரிட்டிஷ் அறிவியல் புனைவு ரசிகர்களின் கைவரிசை.

2009இல் பொதுமக்களுக்குத் திறந்த 'ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்னும் ரசிகர் புனைவுக் களஞ்சியம் 2019இல் ஹியூகோ விருது பெற்றது. அங்கே எழுதுபவர் தம் கதைக்கு எந்தக் குறிச்சொல்லையும் சூட்டலாம். ஒரே பொருள் தரும் நூறு குறிச்சொற்களைத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஒன்றோடொன்று இணைக்கிறார்கள். முக்கியப் பாத்திரத்தின் மரணம் முதல் பாலியல் வன்முறை வரை கட்டாய எச்சரிக்கைகளும் உண்டு. முடிவைச் சொல்லிவிட்டால் சுவை போய்விடும் என்று நம்பும் விமர்சன மரபுக்கு இது புதிர். காதலர்கள் சேர்வார்கள் என்று தெரிந்தேதான், காதல் மெல்லக் கனியும் 'ஸ்லோ பர்ன்' கதையின் இருபதாம் அத்தியாயம்வரை வாசகர் காத்திருக்கிறார். எச்சரிக்கை தர விருப்பமில்லை என்று அறிவிக்கவும் ஒரு தெரிவு இருக்கிறது. அதைக் கண்டும் நுழைபவர் எதற்கும் துணிந்தவர்.

இந்தச் சொற்கள் இப்போது விலைக்குப் போகின்றன. 'பகைவர் காதலராதல்' என்று அட்டையிலேயே சொல்லி ஆங்கிலக் காதல் நாவல்கள் விற்கின்றன. 2010 வாக்கில் 'சூப்பர்நேச்சுரல்' ரசிகர்களிடையே முளைத்த 'ஒமேகாவெர்ஸ்' என்னும் ஓநாய்ச் சமூகக் கற்பனையைக் காசாக்கிய ஒரு நாவலாசிரியரின் பதிப்பகம், அதே வகையில் எழுதிய இன்னொருவர் மீது 2018இல் பதிப்புரிமைப் புகார் கொடுத்தது. வழக்கு அமெரிக்க நீதிமன்றம்வரை போனது. அந்தக் கற்பனையை முதலில் கட்டி எழுப்பிய ரசிகர்கள் எவரும் அதில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை.