ரோனன் பாயிண்ட்: குற்றம் தேநீரில் இல்லை

ரோனன் பாயிண்ட் பற்றி எழுதுகிற எல்லோரும் தேநீரில்தான் தொடங்குகிறார்கள். 1968 மே 16, கிழக்கு லண்டனின் கேனிங் டவுன், விடியற்காலை சுமார் 5.45 மணி. 18ஆவது மாடியில் குடியிருந்த பெண்மணி டீ போட கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கிறார். கசிந்து சேர்ந்திருந்த வாயு வெடிக்கிறது. மூலைச் சுவர் பிடுங்கிக்கொண்டு வெளியே விழுகிறது. தாங்கிய சுவர் போனதும் மேலே இருந்த மாடிகளின் மூலை இறங்குகிறது, அந்தப் பாரம் கீழ் மாடிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக உடைத்துக்கொண்டு தரைக்கு வருகிறது. 22 மாடிக் கட்டடத்தின் ஒரு மூலையே காணாமல் போனது. நான்கு பேர் இறந்தார்கள், 17 பேர் காயமடைந்தார்கள். அடுப்பைப் பற்ற வைத்தவர் பிழைத்துக்கொண்டார். கட்டடம் ஒப்படைக்கப்பட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

கதையாகச் சொல்ல இது ரொம்ப வசதி. ஒரு தீக்குச்சி, ஒரு கோபுரம். ஆனால் முன்வார்ப்புக் கான்கிரீட்டைப் புரிந்துகொள்ள இந்தக் கதை உதவாது என்பது என் கருத்து. தேநீரில் தொடங்கினால் முடிவும் கேஸ் குழாயில்தான் போய் நிற்கும். விசாரணையும் அடுப்புக்குப் பின்னால் இருந்த தரமற்ற ஒரு பித்தளை நட்டைக் கண்டுபிடித்தது. அது உண்மைதான். ஆனால் கேஸ் வெடிப்பு எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. ஒரு சமையலறை நாசமாகும், ஜன்னல் பறக்கும், சுவர் ஒன்று சரியும். ஒரு மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை போவதில்லை. கேட்கவேண்டிய கேள்வி, ஏன் வெடித்தது என்பதல்ல. ஒரு சுவர் போனதற்கு ஏன் இத்தனை மாடி போயிற்று என்பதுதான்.

அதற்கு அந்தக் கட்டடம் எப்படி நின்றது என்று தெரியவேண்டும். நம்ம ஊர்ல சென்ட்ரிங் அடித்து கான்கிரீட் போடுவதைப் பார்த்திருப்பீங்க. கீழ் மாடித் தூணின் கம்பி மேல் மாடிக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். பீம் கம்பி தூணுக்குள் போய் மடங்கும். ஸ்லாப் கம்பி பீமுக்கு மேலே தொடர்ந்து ஓடும். எல்லாவற்றையும் சேர்த்து கான்கிரீட் ஊற்றும்போது கட்டடம் ஒரே உடம்பாகிவிடுகிறது. இந்தத் தொடர்ச்சிக்காக யாரும் தனியாக யோசிக்க வேண்டியதில்லை, வேலை செய்கிற முறையிலேயே பாதி வந்துவிடுகிறது. ஒரு தூண் பழுதானால் பக்கத்துப் பீம்கள் கொஞ்சமாவது இழுத்துப் பிடிக்கும்.

ரோனன் பாயிண்டில் தூணும் இல்லை, பீமும் இல்லை. டென்மார்க்கில் உருவான லார்சன்-நீல்சன் முறை அது. ஒரு மாடி உயரமுள்ள சுவர்ப் பேனல்களைத் தொழிற்சாலையில் வார்த்து, கிரேனில் தூக்கி நிறுத்தி, அவற்றின் மேல் தளப் பேனல்களை வைத்து, அதன் மேல் அடுத்த மாடிச் சுவரை வைப்பது. சுவர்தான் பாரம் தாங்குகிறது. சுவருக்கும் தளத்துக்கும் நடுவே இருந்த பிடிப்பில் பெரும்பங்கு, மேலிருந்து அழுத்தும் எடையால் வரும் உராய்வு. புத்தகங்களை அடுக்கி வைத்தது மாதிரி. அடியில் உள்ள புத்தகத்தை உருவ முடியாது, மேலே உள்ளதை ஒரு விரலால் தள்ளிவிடலாம்.

இந்த இடத்தைத்தான் நிதானமாகப் பார்க்கவேண்டும். 18ஆவது மாடிக்கு மேலே நான்கு மாடிகளின் எடைதான் இருந்தது. எடையை நம்பிய இணைப்பு, எடை குறைவாக உள்ள உச்சியில்தான் மிகவும் பலவீனமாக இருக்கும். பலத்த காற்று அடிப்பதும் அதே உச்சியில்தான். சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3 பவுண்டு அழுத்தமே அந்தச் சுவரை நகர்த்தப் போதும் என்று விசாரணை கண்டது, அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 2 டன். கேஸ் வெடிப்புக் கணக்கில் இது பெரிய அழுத்தமே அல்ல. அந்தப் பெண்மணியின் காதுச் சவ்வுகூடக் கிழியவில்லை. பலத்த காற்றோ தீயோகூட இதே மாதிரியான சரிவைத் தொடங்கியிருக்கலாம் என்றும் விசாரணைக் குழு சொன்னது. அப்படியானால் தேநீருக்குப் பெரிய பங்கில்லை. கட்டடம் ஏதோ ஒரு காரணத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஹ்யூ கிரிஃபித்ஸ் தலைமையிலான அந்த விசாரணை அறிக்கையை நான் மதிக்கிறேன். வடிவமைப்பிலேயே இருந்த குறை இது, அன்றைய விதிகள் இப்படி ஒரு தொடர் சரிவைக் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று அது தெளிவாகச் சொன்னது. அதன் விளைவாக 1970இல் பிரிட்டனின் கட்டட விதிகள் திருத்தப்பட்டன. ஐந்து மாடியும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களில், தாங்கும் உறுப்பு ஏதாவது ஒன்று போனாலும் சேதம் அந்தப் பகுதியோடு நிற்கவேண்டும். இல்லையென்றால் அந்த உறுப்பு சதுர மீட்டருக்கு 34 கிலோநியூட்டன் அழுத்தத்தைத் தாங்கவேண்டும். இன்று உலகம் முழுக்க ‘காரணத்துக்குப் பொருந்தாத அளவு சரிவு’ என்று பொறியாளர்கள் பேசுவதன் வேர் இங்கேதான்.

ஆனால் அறிக்கையின் ஒரு முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. சரிவுக்கு மோசமான வேலைத்தரம் காரணமல்ல, வடிவமைப்புதான் காரணம் என்று அது பிரித்துச் சொன்னது. இந்தப் பிரிவினைதான் முன்வார்ப்புக் கட்டடங்களில் செல்லாது. 1986இல் ரோனன் பாயிண்டை இடித்துத் தள்ளாமல் மாடி மாடியாகப் பிரித்தார்கள். சாம் வெப் என்ற கட்டடக் கலைஞர் பல ஆண்டுகள் விடாமல் கேள்வி கேட்டதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. பிரித்தபோது என்ன தெரிந்தது? கெட்டிக் கலவையைத் திணித்து நிரப்பியிருக்கவேண்டிய இணைப்புகளில் பல இடங்களில் வெற்றிடம். சில இடங்களில் செய்தித்தாளும் குப்பையும். சுவரை மட்டம் பார்க்க வைத்த போல்ட்களின் நட்டைப் பிறகு இறக்கிவிட வேண்டும், அப்போதுதான் பாரம் கலவையின் மேல் பரவும். பல இடங்களில் அதைச் செய்யவில்லை. ஒரு சுவரின் பாரம் இரண்டு போல்ட் முனைகளில் நின்றுகொண்டிருந்தது.

இதைப் படித்துவிட்டு வேலையாட்களைத் திட்டுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபதாவது மாடியில், காற்றில், அடுத்த பேனலோடு கிரேன் காத்திருக்கும்போது, கைகூட நுழையாத ஒரு இடுக்கில் கலவையைத் திணிக்கிற வேலை அது. முடித்த மறுநிமிடம் அதன் மேல் தளம் வந்து உட்கார்ந்துவிடும், பிறகு யாரும் பார்க்க முடியாது. நல்லா செய்தாலும் மோசமா செய்தாலும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். இந்த நிலைமையை உண்டாக்கியது வரைபடம். ஆக வேலைத்தரமும் வடிவமைப்பின் ஒரு பகுதிதான். சரியாகச் செய்யக் கடினமானதும், செய்தபின் சோதிக்க முடியாததும், தவறினால் கட்டடத்தையே இழுத்துப் போவதுமான ஒரு இணைப்பை வரைந்துவிட்டு, “நான் சரியாகத்தான் வரைந்தேன்” என்று சொல்ல வடிவமைப்பாளருக்கு உரிமை கிடையாது.

முன்வார்ப்பைப் பற்றிச் சொல்லப்படும் பெரிய பெருமை ‘தொழிற்சாலைத் தரம்’. இது பாதி உண்மை. பேனல் தொழிற்சாலையில் உருவாகிறது. எஃகு அச்சு, அளந்த கலவை, ஆவி கொடுத்துப் பதப்படுத்துவது, சோதனைக் கட்டி உடைத்துப் பார்ப்பது எல்லாம் அங்கே நடக்கும். ஆனால் இணைப்பு சைட்டில்தான் உருவாகிறது. கட்டடம் நிற்பதும் விழுவதும் இணைப்பில். அதாவது மிக முக்கியமான வேலை, தொழிற்சாலைத் தரம் எட்டாத ஒரே இடத்தில் நடக்கிறது.

முன்வார்ப்பே மோசம் என்று நான் சொல்லவரவில்லை. அதற்கு நேரெதிரான சாட்சி ஆர்மீனியாவில் இருக்கிறது. 1988 டிசம்பர் 7 நிலநடுக்கத்தில் லெனினாகான் நகரின் ஒன்பது மாடி முன்வார்ப்புச் சட்டகக் கட்டடங்களில் பெரும்பாலானவை இடிந்தன அல்லது பயன்படாமல் போயின. அதே நகரில், அதே ஆட்சியில் கட்டிய பெரும்பேனல் குடியிருப்புகள் சிறு சேதத்தோடு நின்றன. இரண்டும் முன்வார்ப்புதான். சட்டகக் கட்டடங்களில் தூணும் பீமும் சேரும் முனைகள் பலவீனம், தளப் பலகைகள் ஒன்றோடொன்றும் சட்டகத்தோடும் சரியாகக் கட்டப்படவில்லை. பேனல் கட்டடங்களிலோ நெருக்கமாக நிறைய சுவர்கள், அவற்றைச் சேர்க்கக் கம்பியும் சைட்டில் ஊற்றிய கான்கிரீட்டும். லண்டனில் விழுந்த வகை ஆர்மீனியாவில் நின்றது. பெயரை வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேணும்?

நம் நாட்டிலும் இதே பாடம் கிடைத்திருக்கிறது. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில், கட்ச் பகுதியில் சில ஆண்டுகளுக்கு முன்புதான் கட்டிய முன்வார்ப்புப் பள்ளிக்கூடங்கள் பல சரிந்தன. ஒரு மாடிக் கட்டடங்கள் அவை. கூரைப் பலகைகள் போதிய கட்டு இல்லாமல் உட்கார்ந்திருந்தன, ஆட்டத்தில் நழுவி விழுந்தன. அன்று குடியரசு தினம், வகுப்பு நாளல்ல. வேலை நாளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

நல்ல இணைப்புக்குக் காசு ஆகும். மாண்ட்ரியலில் மோஷே சஃப்டி வடிவமைத்த ஹேபிடாட் 67ஐ எல்லோரும் பெட்டிகளின் அடுக்காகப் பார்க்கிறார்கள். 354 கான்கிரீட் பெட்டிகள். ஆனால் அதை நிற்க வைப்பது பெட்டிகளை இழுத்துக் கட்டிய கேபிள்களும் கம்பிகளும் வெல்டிங்கும். மலிவான வீட்டுக்கு வழிகாட்டப் புறப்பட்ட கட்டடம் மிகுந்த செலவில் முடிந்தது, அதே அளவில் திரும்பக் கட்டப்படவும் இல்லை. ரோனன் பாயிண்ட் இன்னொரு பக்கம். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாடி உயர உயர உள்ளாட்சிகளுக்கு மானியமும் உயர்ந்தது. வேகமும் உயரமும் கணக்கில் வந்தன, முடிச்சு வரவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்கவேண்டாம். 2017இல், கிரென்ஃபெல் தீவிபத்துக்குப் பிறகு, தென்லண்டன் லெட்பரி எஸ்டேட்டில் குடியிருந்தவர்கள் தங்கள் வீட்டு விரிசல்களைக் காட்டிக் கேள்வி எழுப்பினார்கள். அவர்களின் நான்கு கோபுரங்களும் லார்சன்-நீல்சன் முறையில் கட்டியவை. கேஸ் இணைப்பு அதுவரை ஓடிக்கொண்டிருந்தது, அதன்பிறகுதான் நிறுத்தினார்கள். விதி மாறி 47 ஆண்டு ஆன பிறகும், விதிக்கு முன்னால் கட்டிய வீட்டில் தூங்கியவர்களே தங்கள் சுவரை ஆராயவேண்டி வந்தது.

சென்னைப் பெரும்பாக்கத்தில் 2022இல் திறந்த ‘லைட் ஹவுஸ்’ குடியிருப்பின் 1,152 வீடுகளும் முன்வார்ப்பு முறையில் வந்தவைதான். அந்தக் கட்டடங்களைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. இந்தியத் தர விதி ஐ.எஸ். 15916 தொடர் சரிவைத் தடுக்கக் கட்டுகளைக் கேட்கிறது, 1968இல் லண்டனில் இல்லாத பாதுகாப்பு அது. என் புகார் நாம் இவற்றைப் பற்றிப் பேசும் முறையைப் பற்றியது. இப்படிப்பட்ட திட்டங்களைப் பற்றி எழுதும்போது எத்தனை வீடு, எத்தனை மாதம், எவ்வளவு செலவு என்றுதான் எழுதுகிறோம். கிரேன் பேனலைத் தூக்கும் படம் போடுகிறோம். இணைப்பின் படத்தை யாரும் போடுவதில்லை.

இனி ஒரு முன்வார்ப்புக் கட்டடத்தைப் பற்றி எழுதுகிற எவரும் மூன்று கேள்வி கேட்கட்டும். ஒரு சுவரை எடுத்துவிட்டால் அதன் மேலே உள்ள பாரம் எந்த வழியாகப் போகும்? இணைப்பை நிரப்பியதை, மூடுவதற்கு முன் யார் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள்? அந்தப் பதிவேடு, குடியிருப்பவர்கள் கேட்டால் கிடைக்குமா? ரோனன் பாயிண்டில் இந்த மூன்றுக்கும் விடை தெரிய, கட்டடத்தைப் பிரிக்கவேண்டியிருந்தது. அதுவரை 18 வருஷம் ஆனது.