வெசலே மடத்துக் கோயிலும் பாடத்தெரிவும்

பழங்கட்டடத்தைப் புதுப்பித்தல் கொத்தர் தொழில் மட்டுமன்று, திறனாய்வுத் தொழிலுமாகும். சிதைந்த ஏட்டைப் பதிப்பிப்போன் எப்பாடத்தைக் கொள்வது, எதனைத் தள்ளுவது எனத் துணிதல் போலவே, சிதைந்த கோயிலைப் புதுப்பிப்போனும் துணிதல் வேண்டும். பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியிலுள்ள வெசலே மடத்துக் கோயில் இதற்குத் தக்க சான்றாகும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் தோன்றிப் பெனடிக்டுத் துறவியர் இருக்கையாக வளர்ந்த இம்மடம், மகதலா மரியாளின் திருவுடல் எச்சங்களை உடையது என்னும் நம்பிக்கையாற் புகழெய்தியது. 1120இல் நேர்ந்த தீக்குப் பின்னர் நடுக்கூடம் அரைவட்ட வளைவுகளையுடைய ரோமனெஸ்க் முறையில் எழுந்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழைப்பகுதி கூர்வளைவுகளையுடைய கோதிக் முறையில் அமைந்தது. ஆகவே, இக்கோயில் தொடக்கத்திலிருந்தே ஒருகாலத்து ஒருவர் படைப்பன்று. 1279இல் அப்புனிதையின் எச்சங்கள் புரோவான்சுப் பகுதியிற் கிடைத்தனவாகக் கூறப்பட்டபின் யாத்திரிகர் வரவு குன்றிற்று. 1569இல் ஊகநாட்டினர் கொள்ளையிட்டனர். பிரெஞ்சுப் புரட்சியின்போது மேலை முகப்புச் சிற்பங்கள் அழிவுற்றன.

1834இல் இக்கோயிலைக் கண்ட பிராஸ்பர் மெரிமே அதன் இடிவுநிலையை அரசுக்கு உணர்த்தினார். 1840இல் இருபத்தாறு வயதினரான வியொலே-லெ-டுக் பணியை ஏற்றார். 1859இல் அது நிறைவெய்தியது. சரிந்த சுவர்களையும் வளைகூரைகளையும் அவர் நிலைநிறுத்தியிராவிடின் இன்று ஆராய்தற்குக் கோயிலே எஞ்சியிராது. இஃது ஐயத்துக்கு இடமில்லாத நன்று.

எனினும், நடுக்கூடத்திற் பிற்காலத்தார் கோதிக் முறையில் மீளக்கட்டிய வளைகூரைகள் சிலவற்றை அவர் நீக்கி, ரோமனெஸ்க் முறையில் ஆக்கினார். முதலாசிரியன் பாடமே பாடம் எனக் கொண்டு இடைக்கால வரலாற்றை அழித்தல் இது. மேலை வாயிலின்மீது 1856இல் செதுக்கப்பட்ட இறுதித் தீர்ப்புச் சிற்பமோ இடைச்செருகலையே ஒக்கும். எக்காலத்தும் இருந்திராத முழுநிலையைக் கட்டடத்துக்கு அளித்தலும் புதுப்பித்தலாகும் என்னும் கருத்தை அவரே 1866இல் தம் கட்டடக்கலை அகராதியில் எழுதியமை ஈண்டு நோக்கத்தக்கது. அதற்கு முன்பே, 1849இல், ரஸ்கின் இத்தகைய புதுப்பித்தலை அழிவென்றே கண்டித்திருந்தார்.

ரஸ்கின் கூற்றை முற்றும் கொள்ளின் வெசலே மண்மேடாகியிருக்கும்; வியொலே-லெ-டுக் கொள்கையை முற்றும் கொள்ளின் இடைக்காலம் யாது, பத்தொன்பதாம் நூற்றாண்டு யாது எனப் பகுத்தறிதல் அரிதாகும். இவ்விடர்ப்பாட்டுக்கு வழிகாட்டுவதும் வெசலேயே. சிதைந்த தூண்தலைப்புகளை அகற்றிப் படிகளை வைத்த இடங்களில், மூலக் கற்கள் எறியப்படவில்லை. அவை அவ்வூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. பாடபேதத்தை அடிக்குறிப்பிற் காத்த பதிப்பாசிரியன் செயலொப்பது இது. பின்வருவோன் ஒப்பிட்டு மறுக்கவும் வழி உண்டு.

எனவே, புதுப்பித்தோனை மதிப்பிடும் அளவுகோல் அவன் திருத்தினானா என்பதன்று. திருத்தியதை மறைத்தானா, காட்டினானா என்பதே. வெசலேச் சிற்பத்தை ஆராய்வோர் அழகைப் பாராட்டுமுன் ஒவ்வொரு கல்லின் நூற்றாண்டையும் வினாவுதல் கடன்.