நாலு கரடியும் காணாமல்போன கயிறும்

பழைய ஆல்பத்தைப் புரட்டும்போது அமெரிக்கத் தபால்துறையின் டெடி பேர் தபால்தலைகள் கையில் கிடைத்தன. 2002 ஆகஸ்ட் 15 அன்று, டெடி பேரின் நூற்றாண்டை ஒட்டி வெளியிட்டது. 37 சென்ட், நாலு தலைகள், நாலும் புகைப்படங்கள்.

படங்களில் குறையே இல்லை. 1905 வாக்கில் வந்த ஐடியல் கரடி, 1907 வாக்கில் வந்த புரூயின், 1920களின் ‘ஸ்டிக்’ கரடி, 1948 வாக்கில் வந்த கண்ட். இதில் எனக்குப் பிடித்தது ஸ்டிக்தான். மற்ற மூன்றுக்கும் கம்பெனிப் பெயர் இருக்கு. இதுக்கு மட்டும் குச்சி மாதிரி இருக்கிற உடம்பை வச்சுப் பெயர். இப்படி ஒரு மலிவுப் பொம்மையையும் கூட உட்கார வைத்தது நல்ல தேர்வு.

ஆனால் ஒரு கணக்கு இடிக்குது. இந்த நாலில் ஒன்றுகூட 1902ஆம் வருஷத்துக் கரடி இல்லை. அப்புறம் எப்படி நூற்றாண்டு?

1902 என்பது பொம்மையின் வருஷம் இல்லை, வேட்டையின் வருஷம். அந்த நவம்பரில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பிக்கு வேட்டைக்குப் போனார். கரடியைப் பிடித்து மரத்தில் கட்டியவர் ஹோல்ட் காலியர். அடிமையாகப் பிறந்த கறுப்பின வேட்டைக்காரர். கட்டிப்போட்ட மிருகத்தைச் சுட மாட்டேன் என்று ரூஸ்வெல்ட் மறுத்தார். கதை வழக்கமாக இதோடு முடிந்துவிடும். உண்மையில், அடிபட்டுக் கிடந்த கரடியின் வேதனையை முடிக்கச் சொன்னதும் அவர்தான். அது கத்தியால் கொல்லப்பட்டது. கிளிஃபோர்ட் பெரிமன் இதை வாஷிங்டன் போஸ்டில் கார்ட்டூனாகப் போட்டார். அதைப் பார்த்துதான் புரூக்ளினில் கடை வைத்திருந்த மோரிஸ் மிக்டமும் அவர் மனைவி ரோஸும் ‘டெடியின் கரடி’யைச் செய்தார்கள்.

1998இல் வந்த, 1900களுக்கான தாளைப் பாருங்கள். அதில் ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு தலை, டெடி பேருக்கு ஒரு தலை. காலியர் அதிலும் இல்லை.

குழந்தைகள் ஒட்டி விளையாடுற தபால்தலையில் கத்தியைக் காட்ட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். நாலில் ஒன்றாக அந்தக் கார்ட்டூனைப் போட்டிருந்தால் போதும். அதில் கரடி கழுத்தில் கயிறு இருக்கு. பார்க்கிற பிள்ளை, “ஏன்ப்பா இதைக் கட்டி வச்சிருக்காங்க?” என்று கேட்கும். மீதியை நாம் சொல்லலாம்.

வருஷத்தை வேட்டையிலிருந்து எடுத்துக்கொண்டு வேட்டையை மட்டும் விட்டுவிட்டார்கள். பொம்மைகளின் வரிசையாக இது அருமை. நூற்றாண்டு நினைவு என்று பார்த்தால் பாதிக் கதைதான்.