தட்டுலகக் கதைகளுள் எதை முதலில் வாசிப்பது?

பேராமையின் முதுகில் நான்கு யானைகள். அவற்றின் மேல் தட்டுப் போன்றதோர் உலகம். நம் புராணிகர் கதைகளை நினைவூட்டும் இவ்வுலகை வைத்து ஆங்கில ஆசிரியர் டெரி பிராட்செட் எழுதிய 41 நாவல்கள் 1983 முதல் 2015 வரை வெளிவந்தன. வெறும் சிரிப்புக்காகப் பொழுதும் பொருளும் செலவிடுவதா என வினவும் அன்பர்க்கே இதனை எழுதுகிறோம்.

வெளிவந்த வரிசைப்படி தொடங்குவது தவறு. முதல் நூலாகிய "தி கலர் ஆவ் மேஜிக்" பிற மாயக்கதைகளைக் கேலி செய்வது. அவற்றை அறியாதார்க்குச் சிரிப்பு வராது. அதைக் கடைசியில் வைக்க.

நம் வாசகர் பலர் "ஸ்மால் காட்ஸ்" (1992) முதலிடம் பெறுமென்று எண்ணுவர். ஓம் என்னும் தெய்வம் (பெயர் கண்டு வைதிகர் வெகுள வேண்டாம், அது ஓம்னியா என்னும் கற்பனை நாட்டுத் தெய்வம்) ஆடம்பரமாய் அவதரிக்க எண்ணி, சிற்றாமையாகிக் கிடக்கிறது. காரணம், கோயில் நிறையக் கூட்டமிருந்தும் உண்மையாய் நம்புகிறவன் தோட்டங்கொத்தும் எழுத்தறியா இளைஞன் புரூதா ஒருவனே. ஏனையோர் அஞ்சுவது குருமாரின் சித்திரவதைக் கூடத்துக்கு. எனினும் கடவுளைத் திட்டும் நூலென்று வாங்குவோர் ஏமாறுவர். புரூதாவின் நேர்மையை ஆசிரியர் எள்ளி நகையாடவில்லை. இதற்கு இரண்டாமிடம்.

முதலிடம் "பீட் ஆவ் கிளே" (1996) என்பதற்கே. கோலெம் என்பது யூதர் பழங்கதைகளில் வரும் களிமண் ஆள். இந்நூலில் கோலெம்கள் கூலியின்றி, பேச்சின்றி உழைக்கின்றன; தலைக்குள் வைத்த எழுத்துச் சுருளே அவற்றை ஆட்டுவிக்கிறது. டார்ஃபல் என்னும் கோலெமை விலைக்கு வாங்கிய காவலன் காரட், அந்த விலைச்சீட்டையே அதன் தலைக்குள் வைத்துவிடுகிறான்! தனக்குத் தானே உடைமையான டார்ஃபல் முடிவில் சம்பளம் பெற விழைகிறது. சேர்த்த பணத்தில் இன்னொரு கோலெமை வாங்கி விடுவிக்க, பின் இருவருமாய் மூன்றாவதை விடுவிக்கத் திட்டமிடுகிறது. பூசாரிகள் எதிரே தெய்வத்தை மறுக்கும்போது மின்னல் தாக்குகிறது. அதையும் அது ஒரு வாதமாக ஏற்கவில்லை. அடிமைகளே தமக்கோர் அரசனைச் செய்துகொள்ள முயன்றதால் விளைந்த கேட்டை மர்மங் கெடாதிருக்க இங்கே விவரியோம். ஆங்கிலம் கற்றோர் வாசித்து லயத்து அன்பர்க்குச் சொல்லத் தக்க கதை.

மூன்றாவது "மென் அட் ஆர்ம்ஸ்" (1993). கதை சற்றுத் தளர்ச்சியே. ஆனால் காவற்றலைவன் வைம்ஸின் பூட்ஸ் கணக்கு ஒன்றுக்காகவே வாங்கலாம். அவன் மாதச் சம்பளம் 38 வெள்ளி. நல்ல பூட்ஸ் 50 வெள்ளி, அது ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அவன் வாங்க இயன்றதோ 10 வெள்ளிப் பூட்ஸ்; ஓரிரு பருவத்தில் ஒழுகும். பத்தாண்டில் ஏழை 100 வெள்ளி செலவிட்டும் கால் நனைகிறது. பணக்காரனோ 50-உடன் நிறுத்திக்கொள்கிறான். மாதந்தோறும் கூலிப் பட்டியல் எழுதும் நமக்கு இப்பக்கத்தைச் சிரித்துக்கொண்டு வாசிக்க முடியவில்லை.

நான்காவது "கார்ட்ஸ்! கார்ட்ஸ்!" (1989). நகைச்சுவை மிகுதி, பொருள் குறைவு. ஆயினும் காவற்படையின் முதற்கதை இதுவாதலால், மேற்சொன்ன காவலர் கதைகள் இரண்டுக்கும் முன்பாக இதனை வாசித்துவிடுவது நலம்.