‘ஒரு கூர்வாளின் நிழலில்’: சுயவிமர்சனமும் அதன் எல்லையும்

தமிழினியின் இந்நூல் (2016), அரசியலுக்கு மேலாக ஆயுதத்தை வைத்தமையை இயக்கத்தின் உள்ளிருந்தே வினவுகிறது. அத்துணிவை நாம் மதிக்கிறோம். எனினும் தோல்வியின் வேரைப் பெரும்பாலும் தலைமையின் மனப்பாங்கிலே தேடுவது போதாது. 1971 இல் கிளர்ந்த ஜே.வி.பி., 1982 சனாதிபதித் தேர்தலில் மூன்றாமிடம் பெற்றது. 1983 இல் தடைசெய்யப்பட்டு, 1987 இல் மீண்டும் ஆயுதமேந்தியது. இதனை மனப்பாங்கு மட்டும் விளக்குமா?

2009 இன் பின் புனர்வாழ்வு பெற்றோர் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களுட் சிலர் 2015 இல் தொடங்கிய ஜனநாயகப் போராளிகள் கட்சி, யாழ்ப்பாணத்திற் போட்டியிட்டு ஓர் ஆசனமும் பெறவில்லை. துணுக்காய் போன்ற நெற்செய்கைப் பிரதேசத்துக்கு மீளும் பெண்போராளிக்கு வாக்குச்சீட்டுக்கு முன்னரே காணியும் கூலியும் வேண்டும். கமக்காரர் அமைப்பிலே அவர் வாய்திறப்பதைக் கண்காணிப்பு அச்சம் தடுக்குமாயின், புனர்வாழ்வுச் சான்றிதழ் எதற்கு?