குளோரின் இருக்க பயமேன்?

மேலப்பாளையம் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை நெல்லைக்குப் போனால், அல்வா வாங்கிக்கொண்டு அப்படியே ரயிலேறிவிடாதீர்கள். மேலப்பாளையம் வரைக்கும் ஒரு நடை போய், ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடும் பாளையங்கால்வாயின் ஓரத்தில் இரண்டு நிமிஷம் நில்லுங்கள். அதற்கு மேல் மூக்கு அனுமதிக்காது.

புதிதாகப் பார்ப்பவர்கள் அதைச் சாக்கடை என்றுதான் நினைப்பார்கள். இல்லை. அது தாமிரபரணி. பழவூர் அணைக்கட்டில் ஆற்றிலிருந்து பிரிந்து, வயல்களுக்குப் பாய்வதற்காகக் கிழக்கே வருகிற வாய்க்கால். மேலப்பாளையத்தில் வயசானவர்கள் யாரைக் கேட்டாலும், சின்ன வயசில் இதில் விழுந்து குளித்த கதையைச் சொல்வார்கள். கேட்கிற பேரப்பிள்ளைகள் நம்ப முடியாமல் சிரிப்பார்கள்.

இந்த இடத்தில் நெல்லைக்காரர்கள் சிலர் மெதுவாக ஒரு வார்த்தை சொல்வதுண்டு. "அந்த ஊரு ஜனங்களுக்குச் சுத்தம் பத்தாதுங்க." இது பொய். சோம்பேறித்தனமான பொய். தறியும் பீடியுமாக வளர்ந்த, வீட்டோடு வீடு ஒட்டிய ஊர் அது. சமையலறைத் தண்ணீர் வாசல் ஓடையில் விழுகிறது, ஓடை தெருச் சாக்கடையில் விழுகிறது, தெருச் சாக்கடை வாய்க்காலில் விழுகிறது. வேறு வழி போட்டுத் தராமல், 'ஏன் அந்த வழியில் போகிறாய்?' என்று கேட்பது என்ன நியாயம்? பாதாளச் சாக்கடை பல வருஷங்களாகக் கட்டம் கட்டமாகத்தான் வந்துகொண்டிருக்கிறது. சாக்கடை அதுவரை காத்திருக்குமா?

"சரி சார், அது பாசன வாய்க்கால். குடிக்கிற தண்ணி வேற. அதைத்தான் குளோரின் போட்டுத் தர்றாங்களே?" என்று நீங்கள் கேட்கலாம். அதிகாரிகளும் அதையேதான் சொல்கிறார்கள். குறுக்குத்துறை முருகன்கூட 'யாமிருக்க பயமேன்' என்று பக்தரிடம்தான் சொல்வார். நம் ஊர்களில் குளோரின் எல்லோருக்கும் அபயம் தருகிறது. இன்றைக்கு நான் விமர்சிக்க நினைப்பது இந்த நம்பிக்கையைத்தான்.

ஒரு பழைய கதை. ஆனால் நிஜக் கதை.

1955 நவம்பர், டெல்லி. வெள்ளத்துக்குப் பிறகு யமுனை தன் போக்கைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டது. குடிநீர் எடுக்கும் வஜீராபாத் நிலையத்துக்குக் கீழே ஆற்றில் கலந்துகொண்டிருந்தது நஜஃப்கர் சாக்கடை. அது இப்போது பின்னோக்கி ஏறி, தண்ணீர் உறிஞ்சும் இடத்துக்கே வந்துவிட்டது. அதிகாரிகளுக்கு விஷயம் தெரிந்தது. அவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. குளோரின் அளவைக் கூட்டினார்கள்.

பலன்? டைஃபாய்டும் வயிற்றுக்கடுப்பும் பெரிதாக ஏறவில்லை. 'அப்பாடா' என்றிருந்தபோது வந்தது மஞ்சள் காமாலை. டிசம்பர், ஜனவரி இரண்டு மாதத்துக்குள் சுமார் 29,000 பேருக்கு! பாக்டீரியாவைக் கொன்ற குளோரினுக்கு அந்த வைரஸ் தப்பிவிட்டது. அது ஹெபடைடிஸ்-ஈ என்பது, எடுத்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பல வருஷங்கள் கழித்துச் சோதித்தபோதுதான் உறுதியானது. கர்ப்பிணிப் பெண்களை மோசமாகத் தாக்குகிற வைரஸ் அது.

குளோரின் கெட்டதில்லை. அது இல்லாவிட்டால் நம்மில் பாதிப் பேர் இந்தப் பக்கத்தைப் படிக்க இருந்திருக்க மாட்டோம். ஆனால் அது கடைசிக் காவல்காரன். வாசல் கதவு, கொல்லைக் கதவு எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டு, கூர்க்கா இருக்கிறார் என்று தூங்கினால் எப்படி? தண்ணீரில் அழுக்கு ஏற ஏற, போட்ட குளோரினை அந்த அழுக்கே தின்று தீர்த்துவிடும். கிருமிக்கு மிச்சம் இருக்காது.

இன்னொரு கொல்லைக் கதவும் உண்டு. அது உங்கள் தெருவில் இருக்கிறது. நம் ஊர்களில் குழாய்த் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. நின்று நின்றுதான் வருகிறது. தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் போய்விடும். சாக்கடையைத் தாண்டிப் போகிற குழாயில் சின்ன ஓட்டை இருந்தால் போதும், வெளியே இருப்பது உள்ளே வரும். இதில் நாம் வேறு, குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறோம். பக்கத்து வீட்டுத் தண்ணீரை மட்டுமா உறிஞ்சுகிறோம்?

நான் காமர்ஸ் படித்தவன். விஞ்ஞானம் அவ்வளவு வராது. ஆனால் கணக்கு வரும். முதல் வருஷமே சொல்லித் தந்த பாடம், ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியாக வேண்டும். காணாமல் போகிற தொகை என்று ஒன்று கிடையாது. சாக்கடையும் அப்படித்தான். நெல்லை மாநகரம் சுத்திகரிக்காமல் செலவை மிச்சம் பிடித்தால், அந்தச் செலவு வேறு யாருடைய கணக்கிலோ ஏறுகிறது. நகரத்துக்குக் கீழே, சிற்றாறு வந்து சேர்கிற சீவலப்பேரியிலிருந்து கோவில்பட்டிக்குத் தண்ணீர் போகிறது. வல்லநாட்டிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிறது. நாம் கொப்பளித்துத் துப்பியதை அவர்கள் வடிகட்டிக் குடிக்கிறார்கள். நமக்கு மேலே இருக்கிற ஊர்க்காரர் துப்பியது நமக்கு. 'வீட்டில் ஆர்.ஓ. மாட்டிவிட்டோம், கேன் வாங்குகிறோம்' என்பவர்கள் அதே செலவை மாதத் தவணையில் கட்டுகிறார்கள். பீடி சுற்றிப் பிழைக்கிற குடும்பம் எந்தத் தவணையில் கட்டும்?

நாம் ஆற்றைக் கொண்டாடாதவர்கள் இல்லை. 2018 அக்டோபரில் 144 வருஷத்துக்கு ஒரு முறை வருகிற மகா புஷ்கரம் என்று லட்சக்கணக்கில் வந்து முழுகினோம். ஆரத்தி எடுத்தோம். அதே 2018-ல்தான் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 351 மாசுபட்ட ஆற்றுப் பகுதிகள் பட்டியலிலும் தாமிரபரணி இடம் பிடித்தது. ஒரே வருஷத்தில் இரண்டு கௌரவம்!

கோபப்படத் தெரியாதவர்களும் இல்லை. 2024 டிசம்பரில் கேரள மருத்துவமனைக் கழிவுகளை நடுக்கல்லூர், கொடகநல்லூர் வட்டாரத்தில் கொட்டிவிட்டுப் போனார்கள். தமிழ்நாடே கொதித்தது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. கேரள அதிகாரிகளே லாரியோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். சரியான கோபம், சரியான முடிவு. ஆனால் நம் கழிவு நம் ஆற்றில் தினமும் விழுகிறதே, அதற்கு எந்த லாரி வரும்? குப்பையில் மலையாள எழுத்து இருந்தால்தான் கோபம் வருமா?

சட்டம் இல்லாமலும் இல்லை. 1974-ம் வருஷத்து நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 24-வது பிரிவு, நீரோடையில் கழிவைத் தெரிந்தே விடுவதை மட்டுமல்ல, விட அனுமதிப்பதையும் தடுக்கிறது. வெட்டிய வாய்க்காலும் அந்தச் சட்டப்படி நீரோடைதான். ஆக, பாளையங்கால்வாய்க்கும் பாதுகாப்பு உண்டு, காகிதத்தில். தனியார் ஆலை விட்டால் நோட்டீஸ் ஒட்டலாம். உள்ளாட்சியே விட்டால் யார் யாருக்கு நோட்டீஸ் ஒட்டுவது? 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகளே நெல்லைக்கு நேரில் வந்து, ஆற்றில் சாக்கடை கலக்கும் இடங்களைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. நீதிபதி வந்து மூக்கைப் பொத்தினால்தான் நாற்றம் பதிவாகும் என்றால், மற்ற அலுவலகங்கள் எதற்கு?

செய்ய வேண்டியது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஆற்றிலும் வாய்க்காலிலும் விழுகிற ஒவ்வொரு சாக்கடையையும் எண்ணி, விழும் இடத்துக்கு முன்பே மறித்து, சுத்திகரித்து விடுவது. பெரிய திட்டம் முடிகிற வரை அங்கங்கே சின்ன நிலையங்கள். சாக்கடைக்குள் கிடக்கிற குடிநீர்க் குழாய்களை வெளியே எடுப்பது.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. குழாயில் வருகிற தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். சின்னக் கண்ணாடிக் குழாயில் இரண்டு சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்கிற ஐந்து நிமிஷச் சோதனை. அந்த முடிவையும், கிருமிச் சோதனை முடிவையும் ஒவ்வொரு வார்டிலும் போர்டில் எழுதிப் போடச் சொல்லிக் கேளுங்கள். தங்கம் விலையைத் தினமும் எழுதிப் போடுகிற ஊர்தானே நம்முடையது? தண்ணீர் கணக்கையும் எழுதட்டும். மேலப்பாளையத்தில் முதல் போர்டு வரட்டும்.

'யாமிருக்க பயமேன்' என்று முருகன் சொன்னதாகத்தான் படங்களில் எழுதியிருக்கிறது. குளோரின் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை.